ஜீரோன்னா எந்த ஜீரோ? வாசகர் கேள்வி, அக்கா பதில்

இந்த மாசம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல கட்டடம், கரண்டு, சோலார் பத்தி தான். போன இதழ்ல சோலார் பத்தி நாலு வரி எழுதினேன், அதுல கெளம்பின கேள்விங்க போல. கோலாலம்பூர்ல இருபது வருஷமா கட்டடங்களோட கரண்டு கணக்கு பாக்குறது தான் என் பொழப்பு, அதனால மத்த கேள்விகளை அடுத்த மாசத்துக்கு எடுத்து வெச்சிட்டு இந்த தடவை முழுக்க இதையே பேசிடலாம்.

கேள்வி: அக்கா, பினாங்குல மாஸ்டர்ஸ் படிக்கிறேன். உலகம் முழுக்க இருக்கிற நெட் ஜீரோ எனர்ஜி கட்டடங்களோட டேட்டாவை சேர்த்து ஒரே எக்செல்ல போடணும், அது தான் ப்ராஜெக்ட். 60 கட்டடம் சேர்த்துட்டேன், ஆனா ஒரு நம்பரும் இன்னொண்ணோட ஒத்துப் போகல, ஒரே கட்டடத்துக்கு மூணு இடத்துல மூணு நம்பர் இருக்கு. எதை நம்புறது? சூப்பர்வைசர் 100 கட்டடம் வேணும்ங்கறார். (மாணவர், கெலுகோர்)

பதில்: தம்பி, 61ஆவது கட்டடத்தை இப்போ சேர்க்காத. இருக்கிற 60ஐ முதல்ல சரி பண்ணு. நம்பர் ஒத்துப் போகலன்னா யாரோ பொய் சொல்றாங்கன்னு நெனச்சுடாத, முக்கால்வாசி நேரம் ஆளுக்கு ஒரு ஜீரோவை சொல்லிக்கிட்டு இருப்பாங்க, அவ்வளவு தான். ஒரு வருஷத்துல கட்டடம் எவ்வளவு இழுக்குதோ அவ்வளவையும் தன் கூரையிலயோ தன் எடத்துலயோ தயாரிச்சுட்டா நெட் ஜீரோ, கேக்க லேசா தான் இருக்கு, ஆனா எங்க நின்னு அளக்குறோம்ங்கறதுல எல்லாமே மாறிப் போகுது. அமெரிக்காவோட தேசிய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகத்துக்காரங்க 2006லயே இதை நாலா பிரிச்சு எழுதிட்டாங்க. கட்டடத்து மீட்டர்ல அளக்குறது ஒண்ணு, பவர் ஸ்டேஷன்ல எரிச்ச எரிபொருள் வரைக்கும் பின்னால போய் அளக்குறது ஒண்ணு, பில்லு காசு ஜீரோ ஆகுறது ஒண்ணு, கார்பன் கணக்கு ஜீரோ ஆகுறது ஒண்ணு. முதல் ரெண்டும் தான் உன்னை இப்போ போட்டு ஆட்டுது. முதலாவதை சைட் கணக்குன்னும் ரெண்டாவதை சோர்ஸ் கணக்குன்னும் சொல்லுவாங்க. அமெரிக்க எரிசக்தித் துறை 2015ல ஒரு பொது விளக்கம் கொண்டு வந்துச்சு, அதுல கிரிட் (பொது மின் லைன்) கரண்டு 1 யூனிட்டை சோர்ஸ்ல 3.15 யூனிட்டுன்னு எடுத்துக்கிறாங்க, அதனால சைட்ல 50 யூனிட்னு இருக்கிற கட்டடம் சோர்ஸ்ல 157ன்னு நிக்கும், ரெண்டும் ஒரே கட்டடம் தான். முழுக்க கரண்டுல ஓடுற கட்டடத்துக்கு ரெண்டு வழியிலயும் ஜீரோ ஒரே எடத்துல தான் வந்து நிக்கும், கேஸ் உள்ள வந்துட்டா தான் பிரிஞ்சு போகும்.

இதுல ஒரு குழி இருக்கு, விழுந்தவங்களை பாத்திருக்கேன் அதனால சொல்றேன். அமெரிக்காக்காரங்க சதுர அடிக்கு கிலோ பிடியூன்னு (அவங்க ஊர் வெப்ப அளவு) எழுதுவாங்க, நாம சதுர மீட்டருக்கு யூனிட், அதாவது கிலோவாட் அவர். அங்கேருந்து இங்க மாத்துறதுக்கும் பெருக்கல் எண் 3.15 தான்! ரெண்டு 3.15க்கும் ஒரு சொந்தமும் இல்ல, தற்செயலா ஒண்ணா அமைஞ்சது. யாராவது ஒருத்தர் ஏற்கனவே பெருக்கி வெச்ச நம்பரை நீ இன்னொரு தடவை பெருக்கிட்டேன்னா, இல்ல சோர்ஸ் நம்பரை யூனிட் மாத்தினதுன்னு நெனச்சுட்டேன்னா, அப்புறம் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால மூல நம்பர் எந்த யூனிட்ல இருந்துச்சோ அதை அப்படியே எக்செல்ல ஒரு கட்டத்துல வெச்சுக்கோ, மாத்தினதை பக்கத்து கட்டத்துல போடு, அழிக்காத.

நாட்டுக்கு நாடு வேற ஒரு கூத்து. ஜப்பான்ல ஜெப் (ஜீரோ எனர்ஜி பில்டிங்) கணக்குல ஏர்கோன், காத்தோட்டம், லைட், சுடுதண்ணி, லிஃப்ட் எல்லாம் வரும், மேசை மேல இருக்கிற கம்ப்யூட்டர், பிரிண்டர் வராது, சொல்லப்போனா பாதி குறைச்சாலே 'ஜெப் ரெடி'ன்னு பேர் உண்டு. ஐரோப்பாவுல 2010 சட்டம் 'கிட்டத்தட்ட ஜீரோ'ன்னு தான் சொல்லுச்சு, 2020 முடிவுலேருந்து புதுக் கட்டடம் எல்லாமே அப்படி இருக்கணும்னு, ஆனா எவ்வளவு கிட்டங்கறதை அந்தந்த நாடே முடிவு பண்ணிக்கிச்சு. இதையெல்லாம் கெட்டதுன்னு சொல்ல வரல, நல்ல முயற்சி தான், ஆனா எக்செல்ல ஜப்பான் கட்டடத்து வரியையும் ஜெர்மனி கட்டடத்து வரியையும் நம்ம ஊர் கட்டடத்து வரியையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா போட்டு சராசரி எடுத்தேன்னா அந்த சராசரிக்கு அர்த்தமே கிடையாது. சர்வதேச எரிசக்தி முகமை 2008லேருந்து 2013 வரைக்கும் ஒரு கூட்டு வேலை நடத்துச்சு, பல நாட்டு ஆளுங்க சேர்ந்து உலகத்துல இருக்கிற ஜீரோ கட்டடங்களை தேடித் தேடி சில நூறு கட்டடத்தை மேப்ல குறிச்சாங்க, ஜெர்மனியில வுப்பர்டால் யூனிவர்சிட்டி அதுல முன்ன நின்னுச்சு. அவங்களே ஜீரோன்னா என்னங்கறதுக்கு தனியா ஒரு குழுவை ஒக்கார வெச்சாங்கன்னா பாத்துக்கோ. உன் சூப்பர்வைசர்கிட்ட இதை சொல்லு, 100 கட்டடத்தை விட விளக்கத்தோட இருக்கிற 40 கட்டடம் ஒசத்தின்னு அவருக்கே புரியும்.

அடுத்தது டிசைன் நம்பரா அளந்த நம்பரா. கட்டடம் திறக்குற அன்னிக்கு பேப்பர்ல வர்றது எல்லாமே டிசைன் நம்பர், கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டது. அமெரிக்காவுல நியூ பில்டிங்ஸ் இன்ஸ்டிட்யூட் வெச்சிருக்கிற லிஸ்ட்ல 12 மாசம் அளந்து காட்டினதை தனியா, ஆசைப்பட்டு கட்டிக்கிட்டு இருக்கிறதை தனியா பிரிச்சு வெச்சிருக்காங்க, நீயும் அதே மாதிரி பிரி. குவாங்சோவுல பேர்ல் ரிவர் டவர்னு 71 மாடி, நடுவுல ஓட்டை விட்டு காத்தாடியெல்லாம் வெச்சு கட்டினாங்க, பிளான் போட்டப்போ ஜீரோ, கட்டி முடிச்சப்போ ஜீரோ இல்ல. நல்ல கட்டடம் தான், கரண்டும் கம்மியா தான் இழுக்குது, ஆனா உன் லிஸ்ட்ல அது எந்தப் பக்கம் ஒக்காரணும்னு நீ முடிவு பண்ணியாகணும்.

நம்ம பக்கத்துலயே இருக்கே, பாங்கியில 2007ல கட்டி முடிச்ச ஜியோ கட்டடம். அப்போ பூசாட் தெனாகா மலேசியாவோட (மலேசிய எரிசக்தி மையம்) ஆபிஸ், முதல்ல வெச்ச பேரே ஜீரோ எனர்ஜி ஆபிஸ், அப்புறம் கிரீன் எனர்ஜி ஆபிஸ் ஆச்சு. ராத்திரியில சில்லர் மெஷினை (ஏர்கோனுக்கு தண்ணியை குளிர வைக்கிறது) ஓட்டி காங்கிரீட் தரைக்குள்ள குளிர்ச்சியை ஏத்தி வெச்சு பகல்ல அதை விட்டு விட்டு எடுக்கிற மாதிரி செஞ்சிருக்காங்க, மேல் மாடி கீழ் மாடிக்கு கூரை மாதிரி முன்னால தள்ளி நிக்கும், வெயில் கண்ணாடில நேரா விழாது. சோலாரை கழிக்காம வருஷத்துக்கு சதுர மீட்டருக்கு 65 யூனிட்டுன்னு பிளான், சோலார் 92 கிலோவாட். இந்த நம்பரை வெச்சு ஒரு வித்தை சொல்லித் தரேன், உன் 60 வரிக்கும் இதைப் போட்டுப் பாரு. நம்ம ஊர்ல 1 கிலோவாட் பேனல் வருஷத்துக்கு 1,200லேருந்து 1,400 யூனிட் தரும். 92ஐ 1,200ஆல பெருக்கினா 1,10,000 யூனிட், கட்டடம் சுமார் 4,000 சதுர மீட்டர், வகுத்தா 27, 28 வரும். 65ல 28 போனா மிச்சம் 37. ஆக சோலார் பாதிக்கு கொஞ்சம் கம்மியா தான் ஈடு கட்டுது, ஜீரோ இல்ல, ஆனா அந்தக் காலத்துல நம்ம ஊர் ஆபிஸ் 200, 250ன்னு ஓடினதை பாத்தா இது எவ்வளவு பெரிய வேலைன்னு தெரியும். எனக்கு அந்தக் கட்டடத்து மேல ரொம்ப மரியாதை உண்டு.

சிங்கப்பூர்ல பிசிஏ (அரசாங்க கட்டடத்துறை ஆணையம்) அகாடமி கட்டடம், 2009, பழசை பிரிச்சு சரி பண்ணினது, 4,500 சதுர மீட்டர், 190 கிலோவாட். போட்டுப் பாரு, கூரை தர்றது சதுர மீட்டருக்கு 50 யூனிட் பக்கம். அப்போ அந்தக் கட்டடம் 50க்குள்ள ஓடினா தான் ஜீரோ. சியாட்டில்ல புல்லிட் சென்டர், 2013 ஏப்ரல் 22 திறந்தாங்க, 6 மாடி, சுமார் 50,000 சதுர அடி, 242 கிலோவாட், கூரையை தொப்பி மாதிரி சுவரை விட்டு வெளிய நீட்டி பேனல் போட்டிருக்காங்க. அந்த ஊர் வானம் மப்பு, 1 கிலோவாட்டுக்கு 1,000 யூனிட் தேறினா பெரிசு, அப்படி பாத்தாலும் சதுர மீட்டருக்கு 50க்கு மேல வருது. அவங்க இலக்கு 16 கிலோ பிடியூ, 3.15ஆல பெருக்கு, 50! இப்படி ரெண்டு பக்கமும் ஒத்து வந்துச்சுன்னா நம்பர்ல யூனிட் குழப்பம் இல்லன்னு ஒரு தைரியம் வரும். டெல்லியில இந்திரா பர்யாவரண் பவன், 2014, 930 கிலோவாட், வருஷத்துக்கு 14 லட்சம் யூனிட் எதிர்பார்ப்பு, 1 கிலோவாட்டுக்கு 1,500, அந்த வெயிலுக்கு சரி தான். எங்கயாவது 1 கிலோவாட்டுக்கு 2,500ன்னு வந்துச்சுன்னா அந்த வரிக்கு சிவப்பு கலர் அடிச்சு வை.

இப்போ என் கதை ஒண்ணு. பத்து வருஷம் இருக்கும், கோலாலம்பூர் நடுவுல ஒரு ஆபிஸ் கட்டடம், பேர் வேணாம். 12 மாச டி.என்.பி. (கரண்டு கம்பெனி) பில்லையும் வாங்கி கூட்டி பரப்பால வகுத்தேன், 78 வந்துச்சு. எம்.எஸ். 1525ங்கற மலேசிய கட்டட எரிசக்தி தரத்துலயே 135 இருந்தா நல்லதுன்னு சொல்ற ஊர்ல 78! மீட்டிங்ல ஸ்லைடு போட்டு காட்டிட்டேன், பெரியவங்க நாலு பேரு குறிச்சுக்கிட்டாங்க. ரெண்டு வாரம் கழிச்சு சில்லர் ரூமை பாக்கலாம்னு பேஸ்மெண்ட்டுக்கு போனா அங்க இருந்த டெக்னிஷன் அண்ணன் ஒண்ணும் சொல்லாம என்னை சுவரோரம் கூட்டிட்டுப் போனார். என் இடுப்பு தடிமனுக்கு ரெண்டு குழாய், கறுப்பு இன்சுலேஷன் சுத்தி, சுவத்தை ஓட்டை போட்டு உள்ள வருது, ஒரு ஜாயிண்ட்ல உறை கிழிஞ்சு தண்ணி முத்து முத்தா வேர்த்து சொட்டுது, கீழ ஒரு பழைய பெயிண்ட் வாளி வெச்சிருந்தாங்க. "இங்க சில்லரே இல்லம்மா, ஐஸ் தண்ணி வெளியேருந்து வருது"ன்னார். டிஸ்ட்ரிக்ட் கூலிங், அதாவது ஒரே எடத்துல தண்ணியை குளிர வெச்சு பல கட்டடத்துக்கு குழாய்ல அனுப்புறது. ஏர்கோன் செலவு பூரா வேற ஒரு பில்லுல, டன் அவர்ங்கற குளிர் அளவு கணக்குல, ஃபைனான்ஸ்ல வேற ஃபைல்ல இருந்துச்சு, நான் கேக்கவே இல்ல. அதை கரண்டா மாத்தி சேர்த்தப்போ 78ங்கறது 150ஐ தாண்டிப் போச்சு. அன்னிக்கு ராத்திரியே மீட்டிங்குக்கு வந்த எல்லாருக்கும் மெயில் போட்டு திருத்தினேன், ஆனா ஒருத்தர் அந்த 78ஐ ஏற்கனவே அவர் ரிப்போர்ட்ல போட்டுட்டார், அது இன்னும் எங்கயோ சுத்திக்கிட்டு தான் இருக்கும், நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு. அதனால கட்டடத்துக்குள்ள என்னென்ன வழியா எனர்ஜி வருதுன்னு எக்செல்ல ஒரு கட்டம் கண்டிப்பா வேணும், கரண்டு, கேஸ், ஜெனரேட்டர் டீசல், வெளியேருந்து வர்ற குளிர் தண்ணி, குளிர் நாடா இருந்தா வெளியேருந்து வர்ற சுடு தண்ணியும்.

இன்னொண்ணு, சோலார் இருக்கிற கட்டடத்தோட பில்லை மட்டும் பாத்து ஏமாந்துடாத. பகல்ல பேனல் தர்ற கரண்டை கட்டடமே நேரா சாப்பிட்டுடும், அது மீட்டர் பக்கமே வராது. ஒரு சின்ன ஆபிஸ்ல போன வருஷம் எடுத்த ஒரு மாசக் கணக்கு: பில்லுல உள்ள வந்தது 420 யூனிட், வெளிய போனது 310, இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை கட்டடத்து கரண்டா மாத்துற பெட்டி) டிஸ்ப்ளேல மொத்தம் தயாரிச்சது 560. உண்மையான செலவு 420ம் இல்ல, 110ம் இல்ல, 420ஐயும் 560ஐயும் கூட்டி 310ஐ கழிச்சா 670. இன்வெர்ட்டர் நம்பர் இல்லாம இதை கண்டுபிடிக்கவே முடியாது. மெயில் எழுதி டேட்டா கேக்குறப்போ உள்ள வந்தது, வெளிய போனது, தயாரிச்சது, இந்த மூணையும் மாசவாரியா கேளு. வருஷக் கணக்கு மட்டும் போதாதான்னு கேப்பே. நார்வேல ட்ரொன்ஹைம்ல பவர்ஹவுஸ் பிராட்டோர்காயான்னு 2019ல ஒரு கட்டடம், வருஷத்துல தான் இழுக்குறதை விட அதிகமா தயாரிக்கும்னு கட்டினது, ஆனா அங்க டிசம்பர்ல சூரியன் எட்டிப் பாத்துட்டு போயிடும், கோடையில தயாரிச்சதை கிரிட்டுக்கு குடுத்துட்டு குளிர்ல திருப்பி வாங்கிக்கணும். நமக்கு ஜனவரியும் ஜூலையும் பெருசா வித்தியாசம் இல்ல, வருஷ ஜீரோன்னா கிட்டத்தட்ட மாசாமாசம் ஜீரோ. ரெண்டு ஜீரோவும் ஒரே பாரம் இல்லங்கறது மாசக் கணக்குல தான் தெரியும், அதை எழுதினேன்னா உன் ப்ராஜெக்ட்ல அது தான் நல்ல அத்தியாயமா இருக்கும்.

பரப்பு பத்தி ஒரே வரி: கார் பார்க்கை சேர்த்தாங்களா இல்லையான்னு கேளு, நம்ம ஊர்ல எட்டு மாடி கார் பார்க் மேல தான் ஆபிஸே ஆரம்பிக்குது, சேர்த்துட்டா நம்பர் அழகா இறங்கிடும்.

கேள்வி: எங்க வீட்டு கரண்டு பில்லு 400 வெள்ளி வருதும்மா. சோலார் போட்டா ஜீரோ ஆயிடும்னு ஒரு ஏஜெண்ட் வந்து சொல்றார். போடலாமா? (இல்லத்தரசி, செந்தூல்)

பதில்: அம்மா, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் ஒரு வேலை பண்ணுங்க. ராத்திரி படுக்கப் போறப்போ வெளிய இருக்கிற மீட்டர் நம்பரை எழுதுங்க, காலைல எந்திரிச்சதும் எழுதுங்க, சாயந்திரம் ஒரு தடவை எழுதுங்க. ராத்திரி தான் அதிகம்னா அது ஏர்கோன், பதினஞ்சு வருஷத்து பழைய பெட்டி இன்னும் ஓடிக்கிட்டு இருந்தா அஞ்சு ஸ்டார் இன்வெர்ட்டர் ஏர்கோனா மாத்திப் பாருங்க, மேல் மாடி சீலிங்குக்கு மேல இன்சுலேஷன் இருக்கான்னு பாருங்க, ஓடு சூடாகி ராத்திரி பத்து மணி வரைக்கும் ரூமுக்குள்ள அனல் இறங்கும். இதையெல்லாம் செஞ்ச பிறகு வர்ற பில்லுக்கு எத்தனை பேனல் வேணுமோ அத்தனை போட்டா போதும், இப்போவே போட்டா தேவைக்கு மேல வாங்கிடுவீங்க. அப்புறம் பில்லு ஜீரோங்கறதும் எனர்ஜி ஜீரோங்கறதும் வேற, வெளிய விடுற யூனிட்டுக்கு எவ்வளவு கழிப்பாங்கங்கற விதி மாறிக்கிட்டே இருக்கு. இப்போ இருக்கிற திட்டத்துல என்னன்னு ஏஜெண்ட்கிட்ட எழுத்துல வாங்கிக்குங்க.

கேள்வி: எங்க தமிழ்ப்பள்ளி கூரையில முன்னாள் மாணவர்கள் சேர்ந்து சோலார் போட்டுக் குடுத்தாங்க. பள்ளியை நெட் ஜீரோன்னு போர்டு வைக்கலாமா அக்கா? (பெற்றோர் ஆசிரியர் சங்கம், புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: படிக்கவே சந்தோஷமா இருக்கு. பள்ளிக்கூடம் மாதிரி ஜீரோவுக்கு தோதான கட்டடம் வேற எதுவும் இல்ல, ரெண்டு மூணு மாடி தான், கூரை பெருசு, ராத்திரி யாரும் இல்ல, வெயில் அடிக்கிறப்போ தான் ஃபேன் ஓடுது. ஆனா போர்டு இப்போ வேணாம், 12 மாசம் பொறுங்க. ஒரு ஆசிரியர் பொறுப்புல அஞ்சாம் ஆறாம் வகுப்பு பிள்ளைங்க ரெண்டு பேரை விட்டு மாசம் முதல் தேதி இன்வெர்ட்டர் நம்பரை எழுத சொல்லுங்க, பில்லு வந்ததும் உள்ள வந்தது வெளிய போனதை பக்கத்துல எழுத சொல்லுங்க, மேல தம்பிக்கு சொன்ன கூட்டல் கழித்தல் தான், ஆறாம் வகுப்பு பிள்ளை போட்டுடும். பாலர் பள்ளி தனி மீட்டர்ல இருந்தா அதையும் சேர்த்துக்குங்க, கேண்டீன்ல கேஸ் சிலிண்டர் எத்தனை வாங்கினீங்கன்னும் எழுதுங்க, ஒரே கூரைக்கு கீழ இருக்கிறதை விட்டுட்டு ஜீரோ சொல்லக்கூடாது. டிசம்பர் லீவுல கரண்டு நிறைய வெளிய போகும், அதுவும் வருஷக் கணக்குல வர்றது தான், தப்பில்ல. 12 மாசம் முடிஞ்சு தயாரிச்சது செலவை விட அதிகமா இருந்தா போர்டுல அந்த ரெண்டு நம்பரையும் வருஷத்தையும் போட்டு எழுதுங்க. கெலுகோர் தம்பிக்கு அப்போ ஒரு நல்ல வரி கிடைக்கும், வெளிநாட்டு லிஸ்ட்ல நம்ம வெயில் ஊர் கட்டடம் ரொம்ப கொஞ்சம்.

கேள்வி: 30 மாடி கொண்டோவுல இருக்கோம், எங்க கட்டடம் நெட் ஜீரோ ஆக முடியுமா? (ஜெலுத்தோங்)

பதில்: கூரையை மட்டும் நம்பினா முடியாது. 1 சதுர மீட்டர் பேனல் நம்ம ஊர்ல வருஷத்துக்கு 250 யூனிட் தரும்னு வைங்க, தண்ணி டேங்கு, லிஃப்ட் ரூம் எல்லாம் போக கூரையில 60 சதவீதம் தான் பேனலுக்கு கிடைக்கும், ஆக கூரையோட 1 சதுர மீட்டருக்கு 150 யூனிட். மூணு மாடின்னா மாடிக்கு 50 வரும், 30 மாடின்னா மாடிக்கு 5. அதை வெச்சு ஒரு குடும்பமும் ஓட்ட முடியாது. ஆனா லிஃப்ட், காரிடார் லைட், தண்ணி பம்ப் இந்த பொது மீட்டருக்கு அது நல்ல ஒத்தாசை, நிர்வாகக் கூட்டத்துல அப்படி கேளுங்க, ஜீரோன்னு கேக்காதீங்க.

கேள்வி: ஜார்ஜ்டவுன் பழைய கடைவீட்டுல பொறந்து வளர்ந்தவன் நான். நடுவுல காத்து வர்ற திறந்தவெளி முத்தம், உயரமான கூரை, ஏர்கோனே கிடையாது. அந்த வீடு தானே உண்மையான ஜீரோ? (ஓய்வு பெற்றவர், பினாங்கு)

பதில்: ஐயா, அந்த முத்தத்துல மழை பெஞ்சு முடிஞ்ச உடனே வர்ற குளிர்ச்சியை நானும் அனுபவிச்சிருக்கேன், எங்க பாட்டி வீடும் அப்படித்தான். சூடு மேல ஏறி வெளிய போக வழி, ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டு சுவர், வெயில் படுறது முன்னும் பின்னும் கூரையும் தான், இந்த மூணும் இன்னிக்கு கட்டுறவங்க காசு குடுத்து கத்துக்குற விஷயம். ஆனா கரண்டு கம்மியா இழுக்குறதும் ஜீரோவும் வேற ஐயா, தான் செலவழிச்சதை தானே தயாரிச்சா தான் ஜீரோ. அதோட அதே வீடுங்க இன்னிக்கு ஹோட்டலாவும் கஃபேயாவும் மாறி முத்தத்துக்கு மேல கண்ணாடி போட்டு அடைச்சு உள்ள ஏர்கோன் ஓடுது, கண்ணாடி வழியா வெயில் நேரா உள்ள. ஒங்க வீடு இன்னும் அப்படியே இருந்தா, இப்போ அங்க யாராவது குடியிருந்தா, ஒரு வருஷத்து பில்லை மட்டும் எடுத்து வைங்க, ஏர்கோன் இல்லாத கடைவீட்டு நம்பர் கையில இருந்தா பேச ரொம்ப வலுவா இருக்கும்.

கேள்வி: நெட் ஜீரோ எனர்ஜி, நெட் ஜீரோ கார்பன் ரெண்டும் ஒண்ணா? 2050ல மலேசியா ஜீரோன்னு சொல்றாங்களே அது எது? (கல்லூரி மாணவி, கோலாலம்பூர்)

பதில்: ஒண்ணு இல்லம்மா. 2050ன்னு சொல்றது நாடு முழுக்க வெளிய விடுற பசுமைக்குடில் வாயு கணக்கு, வண்டி, ஃபேக்டரி, காடு எல்லாம் அதுல வரும். இங்க நாம பேசுறது ஒரு கட்டடம் ஒரு வருஷத்துல இழுத்த யூனிட், தயாரிச்ச யூனிட், அவ்வளவு தான். கட்டுறப்போ போட்ட சிமெண்டும் கம்பியும் விட்ட கார்பன் எனர்ஜி ஜீரோவுல வரவே வராது.

கேள்வி: பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு ஆபிஸ் கட்டடத்துல ராத்திரி ஜாகா வேலைம்மா. 9 வருஷமா ராத்திரி 12 மணிக்கு எம்.எஸ்.பி. (மெயின் சுவிட்ச்போர்டு) ரூமுக்கு போய் மீட்டர் நம்பரை எழுதி வெக்கிறேன், முன்ன இருந்த சூப்பர்வைசர் எழுத சொன்னார், அவர் போயிட்டார், யாரும் கேக்குறதில்ல, நான் நிறுத்தல. நோட்டு புத்தகம் 11 இருக்கு. புது நிர்வாகம் ஸ்டோரை காலி பண்ணுது, தூக்கிப் போட்டுடட்டுமா? (பாதுகாவலர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: அண்ணே, தூக்கிப் போட்டுடாதீங்க! பில்லு மாசத்துக்கு ஒரு நம்பர் தான் சொல்லும், ஒங்க நோட்டுல நாளுக்கு ஒண்ணு இருக்கு, தினம் ஒரே நேரத்துல, 9 வருஷம். லாக்டவுன்ல ஆளே இல்லாதப்போ அந்தக் கட்டடம் எவ்வளவு இழுத்துச்சுன்னு அதுல இருக்கும், ஞாயித்துக்கிழமை யாரும் இல்லாமலே ஏர்கோன் ஓடுதான்னு தெரியும், சில்லர் மாத்தின வாரத்துல எவ்வளவு இறங்குச்சுன்னு தெரியும். வெளிநாட்டு ஆராய்ச்சி கட்டடங்கள்ல இதுக்குன்னே மெஷின் வெச்சு அளக்குறாங்க, நீங்க டார்ச் லைட்டும் பேனாவும் வெச்சு அளந்திருக்கீங்க. 2025 ஜனவரி 1லேருந்து எரிசக்தி திறன், சேமிப்புச் சட்டம் அமலுக்கு வந்துடுச்சு, 8,000 சதுர மீட்டரும் அதுக்கு மேலயும் இருக்கிற ஆபிஸ் கட்டடங்களுக்கு எரிசக்தி லேபிள் வேணும், ஒங்க கட்டடம் அந்த அளவுன்னா நிர்வாகமே இந்த மாதிரி கணக்கை தேடும். அவங்ககிட்ட குடுங்க, ஆனா குடுக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கலாமான்னு கேட்டுட்டு எடுத்து வைங்க, ஒங்க உழைப்பு அது.

ரெண்டு விஷயம் மட்டும் ஞாபகத்துல இருக்கிறப்போவே முதல் பக்கத்துல எழுதிடுங்க. மீட்டர் பக்கத்துல சி.டி. (பெரிய கரண்டை குறைச்சு மீட்டருக்கு காட்டுற கருவி) 1000/5ங்கற மாதிரி ஒரு சின்ன தகடு ஒட்டியிருக்கும், சில மீட்டர்ல காட்டுற நம்பரை அதை வெச்சு பெருக்கணும், 1000/5ன்னா 200ஆல, அது இல்லாம படிக்கிறவங்க குழம்பிடுவாங்க. அப்புறம் இந்த 9 வருஷத்துல டி.என்.பி. ஆளுங்க வந்து மீட்டரை மாத்தியிருந்தா எந்த தேதின்னும், பழைய மீட்டர்ல கடைசியா நின்ன நம்பரும் புதுசுல ஆரம்பிச்ச நம்பரும் என்னன்னும் ஒங்க நோட்டுல தேடிப் பாத்து சிவப்பு பேனாவுல குறிச்சு வைங்கண்ணே.